நீலமூடிக் குழாய்

இரவு இரண்டு இருபது.
பொரளையில் ஒரு வைத்தியசாலையின் கீழ்த்தளம்.
எண்ணும் இயந்திரம் துப்பியது:
பத்தொன்பதாயிரம்.

டெங்கு மாதம்.
குருதிச் சிறுதட்டுகளை நகரமே எண்ணுகிறது.
ஓட்டோக்காரர்கூட
யாருக்கு என்று கேட்பதில்லை,
எத்தனையாம் என்றுதான் கேட்கிறார்.
ஐந்தாம் வாட்டிலிருந்து சுரங்கி மிஸ்ஸி
மூன்று தரம் அழைத்துவிட்டார்:
கீயத? கீயத?

நிரஞ்சலா கசிச்செட்டி, வயது நாற்பத்தாறு.
பல்லீறில் இரத்தமில்லை,
தோலில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை.
கட்டிலில் குந்தியிருந்து
நெஸ்டமோல்ட்டுக்குச் சீனி போதாதென்று
சண்டை பிடிக்கிறாராம்.
பத்தொன்பதாயிரத்தோடு
யாராவது சீனிக்குச் சண்டை பிடிப்பார்களா?

ஒரு துளியைக் கண்ணாடியில் இழுத்தேன்.
சாயம். காத்திருப்பு. கழுவல்.
நுணுக்குக்காட்டியின் கீழே
நடுப்பகுதி வெறிச்சோடிக் கிடந்தது,
ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைத் தெருக்கள் மாதிரி.
ஓரத்துக்கு நகர்த்தினேன்,
பூச்சு மெலிந்து இறகாய்ப் பிரியும் ஓரத்துக்கு.

அங்கே நின்றார்கள் எல்லாரும்.
இருபதாய், முப்பதாய், ஐம்பதாய்
ஒட்டிக்கொண்டு, ஊதா நிறத்தில்,
திடீர் மழைக்கு
ஒரே கடைவாசலில் ஒதுங்கிய சனம்.

இயந்திரம் பொய் சொல்லவில்லை.
துளை வழியே போவதை எண்ணும், அவ்வளவுதான்.
ஐம்பது கைகோத்துப் போனால்
ஏதோ ஒரு பெரிய குழியம் என்று
வேறு நிரலில் போட்டுவிடும்.

ஊதாமூடிக் குழாயில் ஒரு மருந்திருக்கிறது,
இரத்தம் உறையாதிருக்க.
சிலருடைய இரத்தத்தில் அதுவே
தட்டுகளை ஒன்றையொன்று பிடிக்கவைக்கும்.
அவர் உடம்பில் அவை தனித்தனியாய்த்தான் திரிந்தன.
கூடியது குழாய்க்குள் அடைத்த பிறகு.

(கொட்டாஞ்சேனை லொட்ஜில் பதினொரு பேர்.
ஒரு அறை, ஒரு மின்விசிறி.
வாடகைச் சீட்டில் ஒரு பெயர்,
அது என்னுடையதில்லை.
இரவில் பொலிஸ் தட்டும்போது
எத்தனை பேர் என்பதற்கு
எங்களிடம் மூன்று பதில்கள் இருந்தன.)

நீலமூடிக் குழாயோடு நானே மேலே போனேன்.
"என்ன கண்டீர்?" என்றார், கையை நீட்டியபடி.
சொன்னேன்.
சிரித்தார், ஊசி ஆடும் அளவுக்கு.
"இருபது வருடமாய் நான் பார்ப்பதும் இதே கணக்குத்தான்."
பல்கலைக்கழகத்தில் கணிதமாம்.
என் பேனையைப் பறித்து
சாப்பாட்டு அட்டையின் பின்புறம் எழுதினார்:
மூன்றும் ஐந்தும் சந்தித்தால் எட்டு.
"ஒவ்வொரு சந்திப்பிலும்
எண்ணிக்கை ஒன்றால் குறையும்.
எடை குறையாது."

பிறகு குரலைத் தாழ்த்தினார்,
அடுத்த கட்டில்காரி தூங்குகிறார்:
"பெரிதுக்குப் பெரிதைத்தான் பிடிக்கும் என்றால்
ஒரு நேரம் வரும். தூரத்தில் இல்லை.
அப்போது எடையும் குறையத் தொடங்கும்."
எங்கே போகும்?
"முடிவில்லாத ஒரு திரளுக்குள்.
சமன்பாட்டுக்கு அது தெரியாது,
மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும்."
பயமாயில்லையா?
"கடதாசியில் இல்லை," என்றார்,
நெஸ்டமோல்ட் கோப்பையைத் தள்ளி வைத்து.

நீலக் குழாயில் ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம்.
திரவம் கலந்ததால்
ஒன்று தசம் ஒன்றால் பெருக்க வேண்டும்:
இரண்டு இலட்சத்து ஒன்பதாயிரம்.
வெறும் காய்ச்சல்.
சுரங்கி மிஸ்ஸி தொலைபேசியில்
நீளமாய் ஒரு மூச்சு விட்டார்.
பழைய அறிக்கையின் அடியில் எழுதினேன்:
திரள்கள் உள்ளன. எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல.
கையொப்பம்.

அந்த வாடகைச் சீட்டின் அடியில்
இப்படி ஒரு வரி யாரும் எழுதவில்லை.

ஐந்தரைக்கு வெளியே வந்தேன்.
சந்தி மரம் காகங்களை
ஒவ்வொன்றாய் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தது.
பஸ்ஸில் நடத்துனர் முதுகில் தட்டி
உள்ளே போ, உள்ளே போ என்றான்.
யாருடையதோ முழங்கை என் விலாவில்.
கம்பியைப் பிடித்தபடி
அறைக்காரர்களை எண்ணினேன்:
வரோதயன், குகதாஸ், இரண்டு ரஞ்சன்,
இருமிக்கொண்டேயிருந்த அந்தோனி,
மூதூர்ப் பொடியன், பெயர் நளீம் என்று நினைவு,
பிறகு சில முகங்கள்,
பிறகு நான்.

ஒன்பதோடு நின்றுவிட்டது.
மருதானையில் திரும்பவும் தொடங்கினேன்.